முதலடியின் கதை – 7: மூன்று நிமிஷத்துக்கு அப்பால்

சென்ற அத்தியாயத்தின் முடிவில், சின்சினாட்டி நகரத்துக் கிங் கம்பெனி வெளியிட்ட ஏழங்குல இசைத்தட்டுகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவற்றுள் ஜேம்ஸ் பிரவுன் பாடியவை பலவற்றில், பாட்டின் பெயருக்குப் பக்கத்தில் ஒருபுறம் 'முதற் பாகம்' என்றும் மறுபுறம் 'இரண்டாம் பாகம்' என்றும் அச்சிட்டிருக்கும். பக்கத்துக்கு மூன்று நிமிஷம், மிஞ்சினால் நாலு. அதற்குமேல் அந்தத் தட்டில் இடமும் இல்லை. வானொலி நிலையத்தாருக்குப் பொறுமையும் இல்லை. டிரம் வாசிப்பவர் காலப்பிரமாணத்தில் நிலைகொண்டு, கித்தார்க்காரரும் பாஸ் வாசிப்பவரும் அவரோடு இழைந்து, இனிமேல்தான் விஷயம் இருக்கிறது என்று கேட்பவன் நிமிர்ந்து உட்காருகிற வேளையில் ஒலி மெல்ல மெல்லத் தேய்ந்து மறைந்துவிடும். எழுந்துபோய்த் தட்டைத் திருப்பிப் போட்டு ஊசியை வைப்பதற்குள் மூண்ட கனல் ஆறிவிடும். ஃபங்க் சங்கீதத்தை இந்தத் தட்டுகளைக் கொண்டு மாத்திரம் அறிந்தவர், தேர் நிலையை விட்டுக் கிளம்பியதைப் பார்த்துவிட்டு, அது நாலு வீதியும் வலம் வந்ததைப் பார்க்காமல் வீடு திரும்பியவருக்கு ஒப்பாவார்.

இந்தச் சங்கீதம் ஒலிப்பதிவுக் கூடத்தில் பிறந்து, பிறகு மேடைக்கு வந்து சேர்ந்ததன்று. ஜனங்கள் நிறைந்த அரங்கங்களில் இரவுக்கிரவு நீண்டு வளர்ந்துகொண்டிருந்த ஒன்றிலிருந்து, ஒலிப்பதிவுக் கூடம் தனக்கு வேண்டிய அளவுக்கு ஒரு துண்டை நறுக்கி எடுத்துக்கொண்டது என்பதே என் துணிபு. அந்தத் துணிபுக்கு ஆதாரமாக மூன்று இரவுகளின் ஒலிநாடாக்களை இந்த அத்தியாயத்தில் எடுத்துக்கொள்கிறேன். 1962ஆம் வருஷத்து ஹார்லெம் ஒன்று. 1968ஆம் வருஷத்து டல்லாஸ் ஒன்று. 1971ஆம் வருஷத்துப் பாரிஸ் ஒன்று. மூன்றும் ஒரே மனிதருடையவை. வேறு மகா வித்வான்களும் இந்தத் துறையில் உண்டு. அவர்கள் முறை பின்னால் வரும்.

நியூயார்க் நகரத்தின் ஹார்லெம் பகுதியில், 125ஆவது தெருவில் உள்ள அப்பல்லோ நாடகசாலை, 1934ஆம் வருஷம் முதற்கொண்டு கறுப்பின ஜனங்களுடைய கலைக்கோயிலாக விளங்கி வருவது. சுமார் ஆயிரத்தைந்நூறு பேர் அமரக்கூடிய அந்தச் சபையின் கீர்த்திக்குப் பாதிக் காரணம் மேடை. மறுபாதிக் காரணம் அங்கே வந்து உட்காருகிறவர்கள். புதன்கிழமைதோறும் புதியவர்கள் மேடையேறிப் பாடும் போட்டி நடக்கும். பிடித்துவிட்டால் தலையில் வைத்துக் கொண்டாடுவார்கள், பிடிக்காவிட்டால் பாதிப் பாட்டிலேயே கூச்சலிட்டு இறக்கிவிடுவார்கள். எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டு சிறு பெண்ணாக வந்து 1934ல் பரிசு பெற்றது அந்தப் போட்டியில்தான். அப்படிப்பட்ட சபையில் தாம் பாடும்போது என்ன நிகழ்கிறது என்பதை ஒரு முழு இசைத்தட்டாக வெளியிட வேண்டும் என்று பிரவுன் ஆசைப்பட்டார். கிங் கம்பெனியின் முதலாளி சிட் நேதன் அதற்கு இணங்கவில்லை. ஏற்கெனவே தனித் தட்டுகளாக விற்றுப்போன பாட்டுகளை, இரைச்சலோடும் கைதட்டலோடும் மறுபடி எவன் காசு கொடுத்து வாங்குவான் என்பது அவர் கேள்வி. வியாபாரி கேட்கிற நியாயமான கேள்விதான் அது. பிரவுன் பதில் சொல்லிக்கொண்டு நிற்காமல், தம் சொந்தப் பணம் 5,700 டாலரைச் செலவிட்டு ஒலிப்பதிவுக்கு ஏற்பாடு செய்தார்.

நாள் 1962, அக்டோபர் 24, புதன்கிழமை. அந்த வாரத்தை உலக சரித்திரம் வேறொரு காரணத்துக்காக நினைவில் வைத்திருக்கிறது. கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் இருக்கின்றன என்று ஜனாதிபதி கென்னடி தம் நாட்டாருக்கு அறிவித்தது திங்கள் இரவு. அமெரிக்கக் கடற்படை அந்தத் தீவை வளைத்து நின்ற முற்றுகை அமலுக்கு வந்தது இதே புதன்கிழமை காலை. நியூயார்க் நகரம் மறுநாள் இருக்குமோ இராதோ என்று பெரியவர்களே அஞ்சிக்கொண்டிருந்த அன்று மாலை, ஹார்லெம் ஜனங்கள் வரிசையில் நின்று டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போனார்கள். அந்த நாடாவைக் கேட்கும்போதெல்லாம் இந்தச் செய்தி என் நினைவுக்கு வந்து, அந்தக் கூக்குரல்களுக்கு நான் முன்பு அறியாத ஒரு கனத்தை ஏற்றிவிடுகிறது.

முதலில் வருவது பிரவுனின் குரல் அன்று. வாத்தியக்காரர்களில் ஒருவரான ஃபேட்ஸ் காண்டர் கட்டியம் கூறுகிறார். பிரவுன் பாடிப் பிரசித்தமான பாட்டுகளின் பெயர்களை அவர் ஒவ்வொன்றாக உரக்கச் சொல்ல, ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் மொத்த வாத்தியக் கோஷ்டியும் ஒரே ஒரு வெட்டு வெட்டுகிறது. அந்த வெட்டு ஒவ்வொரு தடவையும் ஒரு படி உயர்ந்துகொண்டே போகிறது. படிக்குப் படி பெண்களின் ஆரவாரமும் ஏறுகிறது. பாட்டு இன்னும் ஆரம்பிக்கவில்லை. ஆயினும் கேட்கிறவன் நெஞ்சு படபடக்கத் தொடங்கிவிடுகிறது. பிறகு பாட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக, மூச்சுவிட நேரமின்றி ஓடுகின்றன.

பாதி வழியில் 'லாஸ்ட் சம்ஒன்' என்ற சோகப் பாட்டு வருகிறது. தனித் தட்டில் அது மற்றப் பாட்டுகளைப்போல் மூன்று நிமிஷப் பாட்டு. இங்கே பத்து நிமிஷத்துக்கும் மேல் போகிறது. பாட்டின் உடல் முடிந்த பிறகு, வாத்தியக் கோஷ்டி சின்னஞ்சிறு சுரக்கட்டு ஒன்றைப் பிடித்துக்கொண்டு, அதையே திருப்பித் திருப்பி, கூட்டாமல் குறைக்காமல் வாசித்துக்கொண்டிருக்கிறது. அதன்மேல் நின்றுகொண்டு பிரவுன் சபையோடு பேசத் தொடங்குகிறார். குரலைத் தாழ்த்துகிறார். இன்னும் தாழ்த்துகிறார். ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு நிறுத்தி, பதிலுக்குக் காத்திருக்கிறார். எங்கோ ஒரு பெண் அலறுகிறாள். அவளைச் சுற்றியிருப்பவர்கள் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பு அடங்குமுன் அவர் அடுத்த சொல்லை எடுக்கிறார். ராத்திரியில் விளக்கை அணைத்துவிட்டு இந்தப் பத்து நிமிஷத்தைக் கேட்டிருக்கிறேன். பாடகருடைய குரலைக் காட்டிலும், அவர் பாடாமல் நிற்கிற அந்தக் கணங்களில், ஆயிரத்தைந்நூறு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது கேட்கும்போதுதான் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது.

இந்த ஒலிப்பதிவு சம்பந்தமாகப் பிரவுன் சொல்லியிருக்கும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. ஒலிவாங்கிக்கு அருகில் கிழவி ஒருத்தி உட்கார்ந்திருந்தாளாம். உற்சாகம் மேலிட்டபோதெல்லாம் அச்சில் ஏற்ற முடியாத ஒரு வசைச்சொல்லை உரக்கக் கத்திக்கொண்டிருந்தாளாம். முதற்காட்சி முடிந்ததும் நாடாவைப் போட்டுக் கேட்டவர்கள், எல்லாம் பாழாயிற்று என்றே நினைத்தார்கள். ஆனால் அதைக் கேட்ட வாத்தியக்காரர்கள் சிரித்துக் குதூகலிப்பதைக் கண்டபிறகு, அந்தக் கிழவி அடுத்த காட்சிகளுக்கும் அங்கேயே இருக்கும்படி பார்த்துக்கொண்டார்களாம். பெயர் தெரியாத அந்த அம்மாளுக்கு இந்தச் சரித்திரத்தில் ஓர் இடம் உண்டு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

1963ஆம் வருஷம் அந்தத் தட்டு வெளிவந்தது. 'பில்போர்டு' பத்திரிகையின் பட்டியலில் இரண்டாம் இடம் வரைக்கும் ஏறி, 66 வாரங்கள் அதில் நிலைத்து நின்றது. 'லாஸ்ட் சம்ஒன்' அதில் ஒரு பக்கத்தில் கொள்ளாமல் மறுபக்கத்துக்கு வழிந்திருந்தது. பாட்டுக்குப் பாட்டு தட்டை மாற்றியே பழகிப்போன வானொலி அறிவிப்பாளர்கள், ஒரு பக்கத்தை முழுக்க ஓடவிட்டு, திருப்பிப் போடுகிற இடைவெளியில் விளம்பரத்தைச் சொல்லிவிட்டு, மறுபக்கத்தையும் முழுக்க ஓடவிட்டார்கள். மூன்று நிமிஷச் சட்டத்தை அப்பல்லோ ஜனங்கள் உடைத்தார்கள் என்று இதனாலேயே சொல்கிறேன்.

ஆனால் 1962ல் ஒலித்தது ஃபங்க் ஆகிவிடவில்லை. தேவாலயங்களில் பாடும் பக்திப் பாட்டின் கதறலும், ரிதம் அண்ட் புளூஸின் துள்ளலும் அதில் கலந்திருந்தன. முதலடி இன்னும் அரசாளத் தொடங்கவில்லை. நான்கு அடிகள் கொண்ட ஓர் ஆவர்த்தனத்தில் இரண்டாவதிலும் நான்காவதிலும் கைதட்டுவது அக்காலத்து வழக்கம். பிரவுன் அந்தக் கனத்தை முதலடிக்கு மாற்றினார். எல்லா வாத்தியங்களும் எங்கெங்கே அலைந்தாலும், முதலடி விழுகிற கணத்தில் ஒன்றாக வந்து இறங்க வேண்டும். நம்முடைய வித்வான்கள் சமத்தில் வந்து சேருவதற்கு நிகரான ஒரு கட்டுப்பாடு அது. 1965ல் வெளிவந்த 'பாப்பாஸ் காட் எ பிராண்ட் நியூ பேக்' என்ற பாட்டில் இந்த மாறுதலைத் தெளிவாகக் கேட்கலாம். அந்தப் பாட்டைத் தட்டாக்கியபோது நாடாவின் வேகத்தைக் கூட்டி, நீளத்தையும் குறைத்துத்தான் வெளியிட்டார்கள் என்பது கவனிக்கத்தக்கது. இங்கேயும் கூடத்துக் கத்தரிக்கோல் வேலை செய்திருக்கிறது. அதில் ஜிம்மி நோலன் வாசிக்கும் கித்தாரில், தந்திகளை அமுக்கியும் அமுக்காமலும் சுரண்டுகிற ஒரு சத்தம் உண்டு; கோழி நிலத்தைக் கிளறுகிறாற்போல் இருப்பதால் அதற்குக் கோழிக்கிளறல் என்றே அவர்களிடையே பெயர்.

1967ஆம் வருஷம் மே மாதம் 'கோல்ட் ஸ்வெட்' பதிவாயிற்று. பீ வீ எல்லிஸ் அதற்கு வாத்திய அமைப்பு எழுதினார். மைல்ஸ் டேவிஸின் 'ஸோ வாட்' என்ற ஜாஸ் கிருதியிலிருந்து ஊதுவாத்தியப் பகுதிக்குத் தமக்குத் தூண்டுதல் கிடைத்ததென்று அவரே கூறியிருக்கிறார். டிரம் வாசித்தவர் கிளைட் ஸ்டபிள்ஃபீல்டு. டென்னஸி மாகாணத்துச் சட்டனூகா நகரத்தில், தொழிற்சாலைகளின் இடிப்பையும் ரயில் வண்டிகளின் ஓட்டத்தையும் கேட்டே வளர்ந்தவர். அவருக்கு ஜோடியாக இருந்தவர் அலபாமாவைச் சேர்ந்த ஜாபோ ஸ்டார்க்ஸ். ஸ்டபிள்ஃபீல்டின் கை சலசலத்துத் துள்ளும் அருவி. ஸ்டார்க்ஸின் கை ஆழமாக, அமைதியாகப் போகும் ஆறு. அந்த ஜூன் மாதமே பிரவுன் மறுபடியும் அப்பல்லோவில் ஒலிப்பதிவு செய்தார். கடைக்கு இன்னும் வராத 'கோல்ட் ஸ்வெட்'டை ஹார்லெம் சபை அன்றே கேட்டுவிட்டது. ஒரு பாட்டின் வாலிலிருந்து அடுத்த பாட்டு முளைத்து, அதிலிருந்து இன்னொன்று முளைத்து, இடைவெளியே இல்லாமல் கால்மணி நேரம் ஓடுகிற அந்தப் பகுதியைக் கேட்பவர், 'முதற் பாகம்', 'இரண்டாம் பாகம்' என்ற பிரிவினை எவ்வளவு செயற்கையானது என்பதை உடனே உணர்ந்துகொள்வார்.

அவ்வளவு நீளமாக வாசித்தும் எப்படி ஒருவரும் தடம்புரளவில்லை என்று கேட்கலாம். பிரவுன் கண்டிப்பானவர், கண்டிப்பு என்பது மிருதுவான சொல். சுரம் பிசகினாலும், தாளம் தவறினாலும், காலணி மெருகேறாமல் இருந்தாலும் அபராதம் உண்டு. மேடையில் ஆடிக்கொண்டிருக்கும்போதே, ஆட்டத்தின் ஓர் அங்கம் போலவே கையைத் தூக்கி விரல்களை விரித்துக் காட்டுவார். விரல்களின் கணக்கே அபராதத்தின் கணக்கு. சபையோர் அதை அபிநயம் என்று ரசிப்பார்கள். யாருடைய சம்பளத்தில் எவ்வளவு குறைகிறது என்பது குற்றவாளிக்குத் தெரியும். நாடாக்களில் அவருடைய ஒரு முனகலுக்கோ, ஓர் 'ஹ'காரத்துக்கோ ஊதுவாத்தியங்கள் அத்தனையும் கத்திவீச்சுப்போல் ஒரே கணத்தில் பதில் சொல்லும்போது, அந்த அழகில் நான் மெய்ம்மறப்பதும் உண்மை. அதற்குப் பின்னால் இருந்த அச்சத்தை நினைத்து வருந்துவதும் உண்மை.

1968ஆம் வருஷம் ஏப்ரல் 4ஆம் தேதி மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். மறுநாள் பாஸ்டன் நகரத்தில் பிரவுனின் நிகழ்ச்சியைத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பி, ஊரைக் கலவரத்திலிருந்து காத்த கதை பலரும் அறிந்தது. அதை இங்கே விரிக்கவில்லை. அந்த ஆகஸ்ட் மாதம் 7ஆம் தேதி, கறுப்பினத்தவன் என்று பெருமிதத்தோடு உரக்கச் சொல் என்று பொருள்படும் பாட்டை அவர் லாஸ் ஏஞ்சல்ஸில் பதிவு செய்தார். அதில் அவர் அறைகூவ, பதில் சொல்பவர்கள் குழந்தைகள். அவசரத்தில் திரட்டிவந்த அந்தக் குழந்தைகளில் பெரும்பாலோர் கறுப்பினத்தவரே அல்லர். பத்தொன்பது நாள் கழித்து, ஆகஸ்ட் 26ல், டல்லாஸ் நகரத்துப் பெரிய மண்டபத்தில் அதே பாட்டை மேடையில் பாடுகிறார். இங்கே குழந்தைகள் இல்லை. அவர் பாதி வாக்கியத்தைச் சொல்லி நிறுத்த, மறுபாதியை மண்டபம் சொல்கிறது. முதல் தடவை சற்றுத் தயங்கினாற்போல் எனக்குப் படுகிறது. பிறகு தயக்கம் இல்லை. தலைமுறை தலைமுறையாக இழிசொல்லாகவே எறியப்பட்ட ஒரு வார்த்தையைத் தங்கள் வாயாலேயே பெருமையாகச் சொல்லிப் பார்க்கிற ஜனங்களின் குரல், முதலடியில் சரியாக வந்து விழுகிறது. சட்டமும் சமஸ்தானமும் செய்ததை எழுதிவைத்த புத்தகங்கள் எத்தனையோ இருக்கின்றன. அந்த மாதத்தில் அந்த ஜனங்களுக்கு மார்பு எப்படி விம்மியது என்பதை அறிய இந்த நாடாவை விட்டால் வேறு சாசனம் எனக்குத் தெரியாது. இது முப்பது வருஷம் கிடப்பில் கிடந்து, 1998ல்தான் வெளியாயிற்று.

மெய்யான சபையின் அருமையை அறிவதற்குப் பொய்யான சபையையும் ஒருதரம் கேட்க வேண்டும். 1970ல் 'செக்ஸ் மெஷின்' என்ற பெயரில் வந்த இரட்டைத் தட்டின் முன்பகுதி, ஒலிப்பதிவுக் கூடத்தில் வாசித்ததன்மேல் கைதட்டலையும் கூச்சலையும் எதிரொலியையும் பின்னால் ஒட்டவைத்துத் தயாரித்தது. வாத்தியக்காரர்கள் அற்புதமாகவே வாசிக்கிறார்கள். ஆனால் அந்தக் கைதட்டலுக்குச் செவி இல்லை. பாட்டு தாழ்ந்தபோது அது தாழ்வதில்லை. எதிர்பாராத ஓர் இடத்தில் டிரம் தனித்து நின்றபோது அது திடுக்கிடுவதில்லை. சாளரத்துக்கு வெளியே பெய்யும் மழைபோல் தன்பாட்டுக்குப் பெய்துகொண்டிருக்கிறது. இப்படி ஒட்டுவேலை செய்யாமலே அதைக் கொடுத்திருக்கலாம் என்பது என் ஆதங்கம்.

அந்த இரட்டைத் தட்டின் மறுபகுதியில் பெரும்பாலும் பிரவுனின் சொந்த ஊரான ஆகஸ்டாவில் 1969ல் மெய்யாகவே சபையின்முன் வாசித்தது பதிவாகியிருக்கிறது. இரண்டு பகுதிக்கும் இடையில் அவருடைய கோஷ்டியே மாறிப்போயிற்று. 1970ஆம் வருஷம் மார்ச் மாதம், ஜார்ஜியா மாகாணத்துக் கொலம்பஸ் நகரத்தில், சம்பளத்தையும் நடத்தையையும் பற்றிய மனத்தாங்கல் முற்றி, பழைய கோஷ்டியைச் சேர்ந்த மேஸியோ பார்க்கர் முதலானோர் விலக முற்பட்டார்கள். பிரவுன் சமாதானம் பேசவில்லை. இளமைக்காலச் சிநேகிதரும் துணைப்பாடகருமான பாபி பேர்டைக் கொண்டு சின்சினாட்டிக்குச் சொல்லியனுப்பி, அங்கே சிறு கோஷ்டி ஒன்று வைத்திருந்த பிள்ளைகளைத் தம் சொந்த விமானத்தில் ஏற்றி வரவழைத்தார். அவர்களில் பூட்ஸி காலின்ஸுக்கு வயது பதினெட்டு. அவருடைய அண்ணன் கேட்ஃபிஷ் கித்தார் வாசிப்பவர். பூட்ஸி ஆதியில் வாசித்தது பாஸ் வாத்தியமே அன்று. 29 டாலர் விலையுள்ள மலிவான கித்தார் ஒன்றுக்குப் பாஸ் தந்திகளைப் பூட்டி அதையே பாஸ் ஆக்கிக்கொண்டவர். ஒரு தந்தியிலிருந்து மறு தந்திக்குத் தாவித்தாவி ஓடும் அந்த இளங்கைக்குப் பிரவுன் கற்பித்த பாடம் ஒன்றுதான்: முதலடியை எனக்குக் கொடுத்துவிடு, மற்ற இடத்தில் உன் இஷ்டம்போல் செய்துகொள்.

அந்தப் பிள்ளைகளோடு 1971ஆம் வருஷம் மார்ச் 8ஆம் தேதி பாரிஸ் நகரத்து ஒலிம்பியா அரங்கத்தில் பிரவுன் நடத்திய நிகழ்ச்சியின் நாடா, என் வாழ்நாளில் நான் கேட்ட சங்கீதங்களுள் தலையாய சிலவற்றில் ஒன்று. ஜாபோ ஸ்டார்க்ஸ் டிரம்மில், ஃபிரெட் வெஸ்லி டிராம்போனில், இரண்டு கித்தார்கள், பக்கத்தில் பாபி பேர்டு. கடைசிப் பகுதியில் 'சூப்பர் பேட்' என்ற பாட்டிலிருந்து அடுத்ததற்கும், அதிலிருந்து 'சோல் பவர்' என்பதற்கும் தாவுகிறார்கள். தனித் தட்டுகளில் கேட்டதைவிட வேகம் அதிகம். ஆனால் ஓட்டம் மாத்திரம் அவசரமாகப் படுவதில்லை. இரண்டு கித்தார்களில் ஒன்று ஒரே சுரத்தைக் கொத்திக்கொண்டிருக்கிறது, மற்றொன்று அதன் இடுக்குகளில் புகுந்து பதில் சொல்கிறது. பூட்ஸியின் பாஸ் முதலடியில் தொம்மென்று இறங்குகிறது. அடுத்த மூன்று அடிக்கும் அது எங்கே போய்வருகிறது என்று ஒவ்வொரு தடவையும் செவி தேடுகிறது. தேடிக்கொண்டிருக்கும்போதே மறுபடி தொம். நிறுத்தச் சொல்லிப் பிரவுன் ஒரு குரல் கொடுக்கிறார். அத்தனை பேரும் நிற்கிறார்கள். அந்த அரைக்கண நிசப்தத்தில் அரங்கத்தின் அகலம் தெரிகிறது. ஆங்கிலம் எத்தனை பேருக்குப் புரிந்ததோ, பாரிஸ் சபை அவர் சொன்ன சொல்லைத் திருப்பிச் சொல்கிறது. உச்சரிப்பு பிரெஞ்சு, தாளம் ஹார்லெம். உட்கார்ந்தபடி அதைக் கேட்டு முடிக்க இதுவரை என்னால் ஆனதில்லை.

மூன்று தட்டுகள் கொண்ட தொகுதியாக அதை வெளியிடத் தீர்மானித்திருந்தார்கள். ஆனால் சில மாதங்களுக்குள் காலின்ஸ் சகோதரர்கள் பிரவுனை விட்டு விலகிவிட்டார்கள். பிரவுனும் கிங் கம்பெனியை விட்டுப் பாலிடார் கம்பெனியில் சேர்ந்துவிட்டார். புதுக் கோஷ்டியோடு அதே வருஷம் அப்பல்லோவில் மூன்றாம் தடவையாகப் பதிவு செய்த தட்டு வெளியாயிற்று; பாரிஸ் நாடா பெட்டிக்குள் போயிற்று. 1992ல் அது வெளிச்சத்துக்கு வந்தபோது, ஒலிம்பியா மேடையில் பத்தொன்பது வயதுப் பிள்ளையாக நின்ற பூட்ஸிக்கு நாற்பது வயது. இடைப்பட்ட காலத்தில் அவர் ஜார்ஜ் கிளின்டன் என்பவரோடு சேர்ந்து, விண்கலம் ஒன்று மேலிருந்து இறங்குகிற மேடைகளில் வாசித்து, பிரவுன் கற்பித்த முதலடியை வேறொரு கிரகத்துக்கே கொண்டுபோயிருந்தார். அந்த விண்கலத்தின் கதை அடுத்த அத்தியாயத்தில்.